கடைசியாக வெட்டிய வரி

ஸ்ஃபாக்ஸ் நகரில், ஆலிவ் பறிக்கும் பெண்களின் சங்கத்திற்கு இருந்தது ஒரே ஒரு பழைய கணினி. புதிய விண்டோஸ் அதில் ஏறாது என்றானபோது, அதைக் குப்பைக்கு அனுப்பாமல், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத லினக்ஸுக்கு மாற்றியவன் கணினி தெரிந்த இளைஞன் வனேஸ். "இனிமே நமக்கு எஜமான் கிடையாது!" என்று அவன் முழங்கினான், பெண்கள் கைதட்டினார்கள்.

சங்கச் செயலாளர் தலெந்தா அன்று மாலை ஆளுநர் அலுவலகக் கூட்டத்தில் பேச வேண்டும். ஆடுகளைப் போலத் திறந்த லாரியில் நிற்கவைத்துப் பெண்களைத் தோப்புக்கு ஏற்றிச்செல்லும் கொடுமைக்கு முடிவுகட்ட, இருக்கையுள்ள பேருந்து கேட்க வேண்டும். தோப்பு தோப்பாகச் சென்று கேட்டு அவள் கணினியில் தட்டிவைத்த சாட்சியங்களே அவளுடைய ஒரே ஆயுதம்.

அந்தக் கோப்பில் பெண்களின் பெயர்கள் இருந்தன. மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போகும். எனவே பெயரை விட்டுச் சொல்லை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டியெடுத்தாள். முடிந்ததும் கோப்பை மீட்க முடியாதபடி அழித்தாள். பழைய விண்டோஸில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால், வெட்டியவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். வேண்டியதை எடுத்து ஒட்டலாம்.

அழுத்தினாள். நாட்காட்டி திறந்தது. மறுபடி அழுத்தினாள். நாட்காட்டி மூடிக்கொண்டது.

"வனேஸ், நான் வெட்டினதெல்லாம் எங்கடா?"

"ஒட்டிப் பாருக்கா."

ஒட்டினாள். ஷாத்லியா என்ற தொழிலாளி சொன்ன கடைசி வரி மட்டும் வந்தது: 'லாரி திரும்புறப்போ ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடிச்சுக்குவோம்.'

"மத்தது?"

வனேஸின் முகம் வெளுத்தது. "இது கடைசியா வெட்டினதை மட்டும்தான் வச்சிருக்கும்கா. எல்லாத்தையும் வச்சுக்க ஒரு சின்ன செயலி இருக்கு. நீ கேக்கலையே..."

"இல்லாதது இல்லைன்னு எனக்கு எப்படிடா தெரியும்? எஜமான் போயிட்டான்னு மேடை போட்டியே, அவன் வீட்டுல நாங்க எதையெல்லாம் புழங்கினோம்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

விடுதலையைக் கொண்டுவந்தவன், விடுதலை பெறுவோரின் கைப்பழக்கத்தை விசாரிக்காமலே கொண்டுவந்திருந்தான்.

கூட்டத்திற்குத் துணையாக வந்த ஷாத்லியா வாசலில் நின்றாள். "என்னடி, சாவு வீடு மாதிரி இருக்கு?" நடந்ததைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். "பெட்டிதானே மறந்துச்சு? நாங்களா மறந்தோம்? எல்லாருக்கும் ஃபோனைப் போடு. வந்து அவங்கவங்களே பேசட்டும்."

"பேர் தெரிஞ்சா வேலை போயிடும்க்கா."

"ஒருத்தி பேசினா போகும். எல்லாரும் பேசினா? இது அறுவடைக் காலம்டி. மரத்துல ஏற மேஸ்திரி தன் மாமியாரையா கூட்டிட்டு வருவான்?"

மாலைக் கூட்டத்தில் தலெந்தா அந்த ஒற்றை வரியை வாசித்தாள். "அதைச் சொன்னது நான்தான்!" என்று ஷாத்லியா எழுந்தாள். அவளுக்குப் பின்னே இன்னொருத்தி எழுந்தாள். பிறகு ஒரு வரிசையே எழுந்தது. தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்த அதிகாரி கரண்டியைக் கீழே வைத்தார். வரும் திங்கள் முதல் ஒரு பேருந்து என்றார்.

"ஒண்ணு எப்படிங்க பத்தும்?" என்றது பின்வரிசை.

மறுநாள் வனேஸ் அந்தச் செயலியை ஏற்றினான். பிறகு எழுந்து போகாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"வேற எதெல்லாம் இல்லாம கஷ்டப்படுறக்கா?"

"தேநீர் சொல்லிட்டு வா," என்றாள் தலெந்தா. "நேரம் ஆகும்."