மதர்போர்டுக்கு ஷாஷு

எங்கள் தராஸ் ஊரில் புதிதாக எது வீட்டுக்குள் வந்தாலும் அதன் தலையில் மிட்டாயும் சில்லறையும் அள்ளி வீசாவிட்டால் என் மாமியாருக்குத் தூக்கம் வராது. இந்தச் சடங்குதான் ஷாஷு. மருமகளாக நான் வந்தபோது எனக்கு வீசினார். வாஷிங் மெஷின் வந்தபோது அதற்கும் வீசினார். மெஷினுக்குக் கொஞ்சம் கூடுதல் என்பது என் எண்ணம்.

என் கணவர் தௌரென் கல்யாண வீடியோ எடுப்பவர். கம்ப்யூட்டரின் மதர்போர்டு புகைந்துபோனது. சனிக்கிழமைக்குள் ஒரு கல்யாணப் படத்தைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் பெண்ணின் அப்பா ஊரெல்லாம் திட்டித் தீர்ப்பார், அடுத்த மாதத்து மூன்று கல்யாணமும் கைவிட்டுப் போகும். அவசரமாக அல்மாட்டிக்காரர் ஒருவரிடம் ஆன்லைனில் புது மதர்போர்டு வாங்கினார். பெட்டி பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுக்க வேண்டும், மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் மெல்லிய பின்களைக் காட்ட வேண்டும், அப்போதுதான் உடைந்திருந்தால் மாற்றித் தருவேன் என்றார் விற்றவர்.

வியாழக்கிழமை போனைப் பிடித்தது நான். தௌரென் மூடியைக் கழற்றி, "பாத்துக்கோங்க, பின்னு எல்லாம்..." என்று தொடங்கினார். அத்தை இரண்டு கையாலும் வீசினார். ஷாஷுவில் வீசியதை எடுத்துக்கொள்பவருக்கு அதிர்ஷ்டம் என்பார்கள். தௌரெனும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மிட்டாய்க்குப் பாய்ந்தார்.

பிறகு பொருத்தினால் கம்ப்யூட்டருக்கு உயிரே வரவில்லை. நான்கு பின்கள் வளைந்திருந்தன.

"திருட்டுப்பய! உடைஞ்சத அனுப்பிட்டான்!"

"வளர்ப்பு அப்படிடா," என்றார் அத்தை.

வீசியது எங்கே விழுந்தது என்று போனில் பார்த்த எனக்குத் தெரியும். ஆனால் மாமியார் பெயரையே சொல்லக்கூடாத மருமகள், மாமியார் செய்த குற்றத்தை எப்படிச் சொல்வேன்?

அல்மாட்டிக்காரருக்கு அனுப்புவதற்கு முன் மூவரும் வீடியோவைப் பார்த்தோம். பின்கள் வரிசையாக நேராக நின்றன. மேலிருந்து ஒரு குர்த், கல்லாகக் காய்ந்த தயிர் உருண்டை, நட்டநடுவில் விழுந்து உருண்டோடியது.

"என்னடா அது?"

"உங்க குர்த்தும்மா."

அத்தை என் பக்கம் திரும்பினார். "நீ ஏன்டி சொல்லல?"

"சொல்லிட்டு இந்த வீட்ல இருக்க முடியுமா அத்தை?"

"அந்த இடத்த மட்டும் வெட்டிட்டு அனுப்பிடவா?" என்றார் தௌரென்.

"முழுசா அனுப்புடா. வளர்ப்ப வேற இழுத்துட்டேன், பாவம் அந்தப் புள்ள."

அல்மாட்டிக்காரரின் பதில் குரல் செய்தியாக வந்தது: "இதுக்கு மாத்தித் தர முடியாது அண்ணே. ஆனா எங்கம்மாவும் இதே கேஸ்தான். மெல்லிசு ஊசி இருந்தா பின்ன மெதுவா நிமித்துங்க."

வெள்ளிக்கிழமை காலை அத்தை மெத்தை தைக்கும் பெட்டியிலிருந்து ஆகச் சிறிய ஊசியை எடுத்தார். நான் போன் கேமராவில் பின்களைப் பெரிதாக்கிக் காட்டினேன். "மூச்சு விடாதடி, ஆடுது." பார்க்கத் தைரியமில்லாமல் தௌரென் தெருவுக்குப் போய்விட்டார். மதியத்துக்குள் நான்கும் நிமிர்ந்தன. அவர் வந்து பொருத்தினார், திரை ஒளிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தையின் கை மெதுவாகப் பைக்குள் போனது.

"அம்மா!" தௌரென் கம்ப்யூட்டரின் மேல் விழுந்து மறைத்தார். "முதல்ல மூடிய மாட்டிக்கிறேன்!"

கடைசித் திருகாணி வரை அத்தை பொறுமையாக நின்றார். பிறகு வீசினார், கம்ப்யூட்டரின் மேல் அல்ல, என் மேல். ஒரு குர்த் நெற்றியைப் பதம் பார்த்தது.

வாஷிங் மெஷினுக்கு வீசியதைவிட அதிகம். எண்ணிப் பார்த்துவிட்டேன்.