ஓடைப் பாலத்தின் சூடான பலகை

லேக்லோ ஊர் ஓடைப் பாலத்தில் ஒரு பலகை மட்டும் மனித உடம்பைப் போல வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் மற்றப் பலகைகளெல்லாம் பனியில் நனைந்து விறைத்துக் கிடக்கையில் ஊர் நாய்கள் அதன் மேல் சுருண்டு படுத்திருக்கும். அரிசிச் சாராயம் தலைக்கேறி வீட்டுக்கு வழி மறந்தவர்களும் அங்கேதான் தூங்குவார்கள்; ஒருத்தருக்கும் சளி பிடித்ததில்லை. அந்தச் சூடு வாபோவுடையது. இதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பாலத்தில் வைத்து அந்தப் பேரை மட்டும் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

வாபோ பிறந்தபோது அவள் அப்பா சா தாமூ, எங்கள் கரேன் இனத்து அப்பன்மார் எல்லோரும் செய்வதைப் போலத் தொப்புள்கொடியை ஒரு மூங்கில் குழாயில் அடைத்துக் காட்டில் ஒரு மரத்தில் கட்டினான். அவன் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது பியின்கடோ. கோடாரியையே திருப்பி அடிக்கிற, வைரம் பாய்கிற சாதி. பிள்ளையின் உயிர் பாதி உடம்பில் இருக்கும், பாதி அந்த மரத்தில் இருக்கும். மரத்தை வெட்டக் கூடாது. வெட்டியே ஆக வேண்டுமென்றால், குழாயைக் கட்டிய அப்பனே கோழி அறுத்து வைத்து, அடிமரத்தைத் தட்டி, பிள்ளையின் பேரைச் சொல்லி உயிரை வெளியே கூப்பிட்டுவிட வேண்டும். வேறு யார் கூப்பிட்டாலும் வராது. தலைப்பிள்ளை பிறந்த பிறகு எங்கள் ஊரில் ஆணுக்கு ஏது தனிப் பேர்? அன்றிலிருந்து அவன் வாபோ அப்பா, அவன் மனைவி லாசே வாபோ அம்மா. அவனுக்கு அதில் ஒரே பெருமை. சந்தையில் யாராவது 'வாபோ அப்பா' என்று கூப்பிட்டால் காது கேட்காதவன் போல நிற்பான், இன்னொரு தடவை கூப்பிடட்டுமே என்று.

வாபோ வளர்ந்து, டவுனில் மரம் அறுக்கிற மில்லுக்கு லாரி ஓட்டும் கோ தெய்ன் என்ற வேற்றினத்துப் பர்மாக்காரனோடு வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் லாரியேறிப் போனாள். கல்யாணச் சேதி, பர்மாக்காரர் வழக்கப்படி, ஊறவைத்த தேயிலைப் பொட்டலத்தோடு வந்தது. அப்பன் அதைப் பிரிக்காமல் பன்றிக்குப் போட்டான். இனி அந்தப் பேர் தன் காதில் விழக் கூடாது என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தான். ஊருக்கு இது பெரிய தலைவலியாகப் போயிற்று. அவனுடைய சொந்தப் பேரைக் கிழவர்களிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கொஞ்ச காலம் எல்லோரும் 'வா' என்று ஆரம்பித்து இருமிச் சமாளித்தார்கள்.

அந்த வருஷம் மில் முதலாளி ஊ பா ஞேன் கட்டை வாங்க வந்தார்.

"உன் காட்டுல நல்ல பியின்கடோ ஒண்ணு நிக்குதாமே, குடுப்பியா?"

"எடுத்துக்குங்க மொதலாளி."

லாசே அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "அது புள்ள மரம். கோவத்துல கண்ணு மண்ணு தெரியாம பேசாதீங்க."

"எந்தப் புள்ள?"

"நான் பத்து மாசம் சொமந்தேனே, அந்தப் புள்ள."

"அவதான் லாரிக்காரன் வீட்டுக்குப் போயாச்சே. பாதி உயிர மட்டும் இங்க எதுக்கு விட்டு வைக்கணும்? நான் என்ன கொலகாரனா? மொறப்படி கூப்பிட்டு அனுப்பிட்டுத்தான் வெட்டுவேன்."

சொன்னபடி கோழி அறுத்தான், சோறு வைத்தான், வெள்ளை நூல் கட்டினான். அடிமரத்தைத் தட்டி, "ஏ புள்ள, எறங்கி வா. உன் புருசன் வீட்டுக்குப் போ" என்றான்.

"பேரச் சொல்லுங்க" என்றாள் லாசே. "எந்தப் புள்ளையக் கூப்பிடுறீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் தெரியும்."

"ஒரே ஒரு தடவ. சத்தமாக்கூட வேணாம்."

அவன் கோடாரியை எடுத்தான். பாவி, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினான்.

யானை கட்டைகளை இழுத்துக்கொண்டு போய் மில்லில் போட்டது. பியின்கடோ என்பதால் ரம்பத்தின் பல் போய்விடும் என்று மில்காரர்கள் பயந்தார்கள். அதுவோ வெள்ளரிக்காய் போல அறுபட்டது. மரத்தூள் சுடுசோறு மாதிரி ஆவி விட்டது. "மரத்துக்குக் காய்ச்சல்டா" என்று சிரித்தபடி வேலையாட்கள் அதில் கைகளைச் சூடுபடுத்திக்கொண்டார்கள். லாரியில் ஏற்றுவதற்குள் மற்றப் பலகைகள் ஆறிவிட்டன; நடுமரத்துப் பலகை ஒன்று ஆறவில்லை. மூங்கில் குழாயை மரம் விழுங்கிய இடத்தில் அதில் ஒரு வட்டத் தழும்பு இருந்தது. தழும்புப் பலகையை யார் வாங்குவார்கள்? ஊ பா ஞேன் அதை லேக்லோ பாலத்துக்குத் தானமாகக் கொடுத்துப் புண்ணியம் கட்டிக்கொண்டார்.

பாலத்தில் ஆணி அடித்து முடித்த வாரத்தில் கோ தெய்ன் தனியாக வந்து வீட்டு ஏணிக்குக் கீழே நின்றான். மேலே ஏறவில்லை. லாசே அவன் முகத்தைப் பார்த்ததுமே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"குளிருதுன்னா அத்தை. வீட்டுல இருந்த கம்பளியெல்லாம் போத்தினேன், அடுப்புப் பக்கத்துலயே படுக்க வச்சேன். ஒடம்புல ஒண்ணுமே இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு." பிறகு மாமனாரைப் பார்த்தான். "கடைசியா உங்களப் பத்திதான் மாமா பேசினா. 'அப்பா யாரையோ கூப்பிடுறாரு, என்னயத்தானான்னு தெரியலயே'ன்னா."

மரத்தை வெட்டியதற்கு ஊர் வழக்கப்படி ஒரு கோழி அபராதம் போட்டார்கள். சா தாமூ கொண்டுவந்து கொடுத்தான். வாங்கிய ஊர்ப் பெரியவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கிருந்து நேராகப் பாலத்துக்குப் போய், தழும்பைத் தடவிப் பார்த்து, பலகை மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டான். அந்தச் சூடு அவனுக்குத் தெரியும். தாலாட்டித் தோளில் போட்டுத் தூங்கவைத்த சூடு.

"இப்பவாவது கூப்பிட்டு விடுங்க" என்றாள் லாசே. "எங்கயோ பாதியில நிக்குதே. செத்தவங்க போற எடத்துக்குப் போய்ச் சேரட்டும்."

அவன் எழுந்து உட்கார்ந்து பலகையைத் தட்டினான். பேர் பல் வரைக்கும் வந்தது. ஒரு தடவை சொன்னால் போதும், அவள் வெளியே வந்துவிடுவாள். போய்ப் புக உடம்பு இல்லை, திரும்பியும் வர மாட்டாள். பலகை ஆறிவிடும்.

"சொன்னா போயிருவாளே லாசே" என்று வாய்விட்டு அழுதான்.

எத்தனையோ திட்டக் காத்திருந்த லாசே பக்கத்தில் உட்கார்ந்து தானும் பலகை மேல் கையை வைத்தாள்.

பிறகு ஒவ்வொரு வருஷமும் ஊரில் பிள்ளைகளின் உயிரைக் கூப்பிட்டுக் கையில் நூல் கட்டுகிற மாதத்தில் அவன் கோழியும் சோறும் வெள்ளை நூலுமாகப் பாலத்துக்குப் போவான். வாயைத் திறப்பான், மூடுவான், கோழியோடு வீடு திரும்புவான். அறுபடாத கோழிகள் அவன் வீட்டில் கிழடு தட்டி நடமாடின. வெள்ளத்தில் பாலம் சேதமாகி மற்றப் பலகைகளையெல்லாம் மாற்றியபோதும் அதை மட்டும் யாரும் தொடவில்லை. அங்கே வரும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது ஊர்ப் பழக்கமாகிவிட்டது. சாயங்காலங்களில் அவன் பாலத்தில் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்திருப்பான். நெல் மூட்டையோடு வருகிறவர்கள் "சா தாமூ, கொஞ்சம் கால எடுப்பா" என்பார்கள். இந்தப் பேரை ஒரு தடவை சொன்னதுமே எடுத்துவிடுவான்.