தாய்மாமன் வரும் வழி

உலகத்திலேயே தெருவை ஒழுங்காகப் போட்ட ஊர் சிதம்பரம் ஒன்றுதான். மற்ற ஊர்க்காரர்கள் வீடு கட்டியபின் மிச்சமான இடத்தைத் தெரு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது என் நண்பன் அருள்முருகன் கண்டறிந்த உண்மை. சிவில் இறுதியாண்டு. கடலூரிலும் சிதம்பரத்திலும் தெருக்கள் எப்படி ஒன்றோடொன்று இணைகின்றன என்பதுதான் அவன் புராஜெக்ட்.

"கீழவீதியில ஒரு மாட்ட அவுத்து வுடு மச்சான். நாலு வீதியும் சுத்திட்டு தானா வந்து நிக்கும். அதான்டா கனெக்டிவிட்டி."

அவன் வீடு அந்த நாலு வீதியிலும் இல்லை. ஊருக்கு வெளியே, வயலில் முளைத்த ஒரு நகரின் முட்டுச்சந்தில் இருக்கிறது. அது ஆய்வு எல்லைக்குள் வராது என்று அவனே தீர்மானித்துவிட்டான்.

அவன் அக்கா எழிலரசி வாழ்க்கைப்பட்டது கடலூரில், நெல்லிக்குப்பம் ரோட்டுப் பக்கம். கரும்பு வெட்டிய கையோடு மனை போட்ட இடம். ஒட்டினாற்போல் இரண்டு நகர்கள். ஒருவர் போட்ட தெரு இன்னொருவர் தெருவோடு சேர்ந்துவிடக் கூடாதென்று இரண்டு மனை வியாபாரிகளும் நடுவில் மதில் எழுப்பிவிட்டார்கள். ஜனங்கள் இரண்டு பக்கமும் ஏணி சாத்திவிட்டார்கள். பால், டியூஷன் பிள்ளைகள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதன் வழியாகத்தான் போய் வரும்.

போன மாதம் பக்கத்து நகர் ஞானமேரி அக்கா, மீன்குழம்புச் சட்டியோடு மதில் இறங்குவதைப் பார்த்து அருள்முருகன் சிரித்தான்.

"கொரங்குகூட இப்பல்லாம் ரோட்டுல போவுதுக்கா."

"போவட்டும் தம்பி. கொழம்பு கொண்டாருமா?"

குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

இந்த வெள்ளிக்கிழமை அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம். குட்டியானை வண்டியில் சீர்த்தட்டு, மேளம், நான். முன்னால், தெரிந்த வழியைவிட மேப் காட்டுவதுதான் குறுக்கு என்று போனைப் பிடித்தபடி அருள்முருகன், பட்டு வேட்டியில்.

மேப் எங்களை நேராக மதிலுக்குக் கொண்டுவந்தது. ஆனால் பக்கத்து நகர்ப் பக்கம். அந்தப் பக்கம் பந்தல் தெரிந்தது, சாம்பார் மணத்தது. மதிலுக்கு மேல் அக்காவின் தலை எழுந்தது.

"வந்துட்டியா? ஏணி இருக்கு, ஏறி வாடா!"

"சீர் கொண்டாற தாய்மாமன் செவுரேறி வந்தான்னு நாளைக்கி எவனும் பேசக்கூடாது. வண்டியத் திருப்புங்க."

திருப்பினோம். மெயின் ரோட்டில் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றன. குறுக்கு வழி என்று ஒரு நகருக்குள் நுழைந்தான். அதிலிருந்து இன்னொரு நகர். ஒவ்வொன்றிலும் அலங்கார வளைவு. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு சுவர். கடைசியாக ஓர் ஏணி வந்தது. அதனடியில் ஞானமேரி அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, நகர்வலம் முடிஞ்சுதா?"

மேளக்காரர் வாசிப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் பாப்பா அழுதது. காது குத்துகிற பத்தர் குரல் கேட்டது:

"அம்மா, ராகுகாலம் வருது. மாமன் மொறைக்கி வேற யாரும் இருக்காங்களா?"

"என் சித்தப்பா மவன் காத்தவராயன் இருக்கான்" என்றாள் அக்கா.

"நான் ரெடிக்கா" என்றது காத்தவராயன் குரல். "ஏணில ஏறி அப்பவே வந்துட்டேன்."

அருள்முருகன் போனை அணைத்தான். செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். மேளக்காரரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான்.

"மூணாவது படி ஆடும், பாத்து" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டார் ஞானமேரி அக்கா.

சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, வலது காலை எடுத்து முதல் படியில் வைத்தான்.