எறும்புப் புளிப்பில் எரிந்த நட்சத்திரம்

ராயபுரத்தில் அந்தத் தெருவின் கிறிஸ்துமஸ் குடில் போட்டி பக்தியில் தொடங்கிப் பகையில் முடியும். எதிரெதிர் வீட்டுக்காரர்களான செல்வநாதனும் சாலமனும் ஆண்டு முழுக்க அண்ணன் தம்பி. டிசம்பர் பிறந்தால் பங்காளிகள். ஜெயிக்கிற வீட்டுக்காரர்தான் பிறப்புத் திருப்பலியில் குழந்தை இயேசுவின் சுரூபத்தை ஏந்திக் கோயிலுக்குள் நுழைவார். சாலமன் கலர் கலராக விளக்குக் கட்டி அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டு போவார். செல்வநாதனுக்கு ஒரு முறைகூட வாய்த்ததில்லை.

போன வருஷம் சாலமனின் விளக்குகளால் ஃபியூஸ் போய்த் தெருவே இருண்டு போனது. அதனால் இந்த வருஷம் பங்குத்தந்தை ஒரு சட்டம் போட்டார்: குடிலுக்குக் கரண்டும் கூடாது, கடை பேட்டரியும் கூடாது. செல்வநாதன் உடனே எழுந்து, இரண்டும் இல்லாமல் தன் குடிலில் நட்சத்திரம் எரியும் என்று கூட்டத்தில் அறிவித்துவிட்டார். அறிவித்த பிறகுதான் மகளைக் கேட்டார்.

மகள் கிறிஸ்டினா எரிபொருள் மின்கலத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். கரித்துணித் துண்டுகளின்மேல் மின்சாரம் கடத்தும் ஒருவகைப் பிளாஸ்டிக்கைப் பூசி, அதில் கண்ணுக்குத் தெரியாத பல்லேடியம் துகள்களைப் படியவைப்பாள். ஃபார்மிக் அமிலம் அதில் பட்டால் தீயில்லாமலே எரிந்து மின்சாரம் தரும். எறும்பு கடித்தால் சுருக்கென்கிறதே, அந்தப் புளிப்புதான் அது என்று அப்பாவுக்குச் சொன்னாள். ஆய்வகத்தில் கழித்துக்கட்டிய துண்டுகளை அனுமதி வாங்கி எடுத்துவந்து, ஒரு தட்டில் பரப்பி ஜன்னலோரம் வைத்தாள். எல்லாம் கரும்பச்சை. யாரும் தொடக்கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அப்பா அதை அம்மாவிடம் சொல்ல மறந்தார்.

பண்டிகைக்கு முதல் நாள் ராயபுரத்துப் பெண்கள் கழுவாமல் விடுவது கடலை மட்டும்தான். அம்மா பிலோமி தட்டைப் பார்த்தாள். பாசி பிடித்த துணி. கம்பிநார் போட்டால் பிய்ந்துவிடுமே என்று இரக்கப்பட்டு, சோப்புத்தூள் கரைத்து மெல்ல அலசினாள். பச்சை போனது, வெள்ளை வரவில்லை. எல்லாம் நீலமாகி நின்றன.

அப்போதுதான் செல்வநாதன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "பிலோமி, ஜன்னலாண்ட ஒரு தட்டு கீது பாரு, அத்த மட்டும் தொடாத. நம்ம மானமே அதுலதான் கீது."

பிலோமி சமையலறைக்கு ஓடினாள். கேக்குக்கு வாங்கிய பச்சைக் கலரை எடுத்துத் துண்டுகளில் தடவிப் பார்த்தாள். துணியில் ஒட்டவில்லை, விரல்கள் மட்டும் கிளிப்பச்சை ஆயின. எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்த அந்தோணியார் முன்னால் போய் நின்றாள்.

"அந்தோணியாரே, இத்த மறுபடி பச்சையாக்கிக் குடுத்துடு. இந்தத் தெருவுல எனக்கு ஆவாத ஆளுக்கு ஒரு நல்லது பண்றேன்."

பெயர் சொல்லவில்லை. அந்தோணியாரும் அதே தெருவில் இருப்பவர்தானே.

சாயங்காலம் கிறிஸ்டினா வந்தாள். நீலத் துண்டுகளைப் பார்த்தாள். அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். துண்டுகளைச் சின்னச் சின்ன டப்பாக்களில் பொருத்தி, நீர்த்த அமிலத்தை ஊற்றிச் சிந்தாமல் மூடி, நட்சத்திரத்தோடு கம்பியில் இணைத்தாள். பிலோமி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க, நீலம் ஓரத்திலிருந்து பச்சையாகத் திரும்பியது. நட்சத்திரத்துக்குள் இருந்த குட்டி விளக்கு ஒரு முறை தயங்கி, பிறகு எரிந்தது.

"சோப்பு பட்டா நீலம், புளிப்பு பட்டா பச்சை. அதோட கொணம்மா அது," என்று கிறிஸ்டினா காதோடு சொன்னாள்.

பிலோமிக்கு உயிர் வந்தது. உயிரோடு கூடவே கள்ளத்தனமும் வந்தது. அப்படியானால் இது அந்தோணியார் செய்ததில்லையே. நேர்ச்சை எப்படிச் செல்லும்?

எதிர்வீட்டில் சாலமன் குடிலுக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தியோடு போராடிக்கொண்டிருந்தார். கடல்காற்று அதை அணைத்துக்கொண்டே இருந்தது. காலையில்கூட, நட்சத்திரத்துக்குத் தீக்குச்சி வேண்டுமா மாமு என்று செல்வநாதனைக் கிண்டல் செய்தவர், இப்போது தன் முதுகையே திரையாக்கிக் குனிந்து நின்றார்.

பச்சையாக்கினது எறும்புப் புளிப்பு, நீ இல்லை என்று பிலோமி மனசுக்குள் அந்தோணியாரோடு வழக்காடினாள். எறும்புக்குப் புளிப்பு வைத்தது யார் என்று அவள் மனசே திருப்பிக் கேட்டது. வழக்கு அங்கேயே தோற்றது.

"இன்னாங்க, அந்த நட்சத்திரத்த டப்பாவோட தூக்கினு வா. ரெண்டு வூட்டு மாடிக்கும் நடுவுல கயிறு கட்டித் தொங்க உடு."

செல்வநாதன் திகைத்தார். "பேஜாரு பண்ணாத பிலோமி. அவன் குடிலுக்கு நான் எதுக்கு வெளக்கு புடிக்கணும்?"

"நேர்ச்சை," என்று பச்சை விரலை நீட்டினாள். நேர்ச்சைக்கு எதிராக அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

குடில்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லப் பங்குத்தந்தை வந்தபோது நட்சத்திரம் தெரு நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் இரண்டு குடில்களிலும் மாட்டுத்தொழுவம் தெரிந்தது. இது யார் வீட்டு நட்சத்திரம் என்று கேட்டார். செல்வநாதன் வாய் திறப்பதற்குள் சாலமன் முந்திக்கொண்டார்.

"மாமு வூட்டுதுதான் ஃபாதர். நமக்கும் சேத்து எரியுது."

ஃபாதர் நிமிர்ந்து நட்சத்திரத்தைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார். தெரு நடுவில் தொங்கும் விளக்குக்கு ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்கத் தன்னால் ஆகாது, சுரூபத்தை இரண்டு பேரும் சேர்ந்தே தூக்குங்கள் என்று சொல்லிவிட்டார்.

திருப்பலியில் ஒரு முழ நீளச் சுரூபத்தை இரண்டு பெரிய ஆண்கள் ஏந்தி வந்தார்கள். தலைப்பக்கம் யாருக்கு என்பதில் வாசலிலேயே ஒரு சின்ன இழுபறி. பின்னால் வந்த பிலோமி ஒரே ஒரு முறை இருமினாள். செல்வநாதன் தலைப்பக்கத்தை விட்டுக்கொடுத்துக் காலைப் பிடித்துக்கொண்டார்.