ஓட்டிக் காட்டிய கப்பல்

மன்னார்புரத்தில் இருந்த தைரியராஜின் கடையில் பழைய வீடியோ கேம் டிஸ்க் எதையும் ஓட்டிக் காட்டாமல் விற்பதில்லை. போர்டிலேயே எழுதியிருந்தது: ‘கண்ணெதிரே ஓட்டிக் காட்டித் தருகிறோம்’. டிஸ்க்கைத் துடைத்து, கடை மெஷினில் போட்டு, டிவியில் படம் வந்த பிறகுதான் கவரில் போடுவார். எட்டு வருஷத்தில் ஓடவில்லை என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயர்தான் அவருடைய முதல்.

அதை நம்பித்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து பானுமதி வந்தார். ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர். சோதிக்காமல் உப்பைக்கூட உப்பென்று ஒப்புக்கொள்ள மாட்டார். புதிய கப்பல் விளையாட்டு பழைய விலைக்கு வரட்டும் என்று மூன்று மாதம் காத்திருந்தார். தைரியராஜ் ஓட்டிக் காட்டினார். துறைமுகம் தெரிந்தது.

“கப்பல் கிளம்பட்டும் தம்பி.”

கிளம்பியது. வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் டிஸ்க்கோடு வந்து நின்றார். வீட்டு மெஷினில் போட்டால், இது வேறொருவருக்கு உரியது என்று எழுத்து வருகிறதாம். கடை மெஷினில் போட்டார்கள். கப்பல் சமர்த்தாகக் கிளம்பியது.

தைரியராஜ் கம்பெனிக்கு எழுதினார். பதில் மிகுந்த மரியாதையோடு வந்தது. பழைய டிஸ்க் வாங்குவோர்மீதுள்ள அக்கறையால் கம்பெனி ஒரு வசதி செய்திருக்கிறது: முதலில் வாங்கியவர் அதை ஒரே ஒரு முறை கைமாற்றலாம். அவர் விட்டுக்கொடுத்த பின் எந்த மெஷினில் முதலில் ஓடுகிறதோ, அந்த மெஷின்காரருக்கே அது ஆயுளுக்கும் சொந்தம். ஆகவே, இரண்டாம் உரிமையாளரான தைரியராஜுக்கு வாழ்த்துகள்.

அவர் அலமாரியைப் பார்த்தார். அதே விளையாட்டில் இன்னும் பதினொரு டிஸ்க்குகள் இருந்தன. வாங்கலாமா என்று யோசித்தவர்களுக்கெல்லாம் ஓட்டிக் காட்டியதில் ஏழு அவருக்கே சொந்தமாகிவிட்டிருந்தன.

“அப்ப நான் வாங்கினது என்ன தம்பி?” என்றார், பதிலைக் கேட்க வந்திருந்த பானுமதி.

“பளபளன்னு ஒரு தட்டுங்க மேடம்.”

“நல்லவேளை, எங்க ஊர்ல புளியோதரை விக்கிறவங்களுக்கு இந்த யோசனை வரல. வாங்கினவரைத் தவிர யார் தின்னாலும் கசக்கும்னு பண்ணியிருப்பாங்க.”

ஓட்டாத நாலில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லி தைரியராஜ் மன்றாடினார். ஓட்டிப் பார்க்காத சாமானை எப்படி வாங்குவது என்று பானுமதி மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் டிஸ்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு காவிரியைத் தாண்டி வந்து, கடையின் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து கப்பல் ஓட்டிவிட்டுப் போனார்.

அப்படியொரு ஞாயிறன்று ஜீயபுரத்திலிருந்து வீரமலை என்பவர் அதே விளையாட்டைக் கேட்டு வந்தார். தைரியராஜ் ஓட்டாத டிஸ்க் ஒன்றை நீட்டினார். வந்தவர் போர்டைக் காட்டினார்.

“ஓட்டிக் காட்டினா எனக்குத்தாங்க ஓடும். காட்டாம வாங்கினா உங்களுக்கு ஓடும்,” என்றார் தைரியராஜ்.

வீரமலை அவரை ஏற இறங்கப் பார்த்தார். “வாழைத்தார் விக்கிறவன்கூட ஒரு பழம் பிச்சுக் குடுக்கிறான்.” பிறகு ஸ்டூல் பக்கம் திரும்பி, இந்தக் கடைச் சாமான் நன்றாக ஓடுமா என்று விசாரித்தார்.

“அருமையா ஓடுதுங்க,” என்றார் பானுமதி, திரையிலிருந்து கண் எடுக்காமல். “ஸ்ரீரங்கத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வரணும், அவ்வளவுதான்.”

வீரமலை படியிறங்கிவிட்டார்.

போர்டைக் கழற்றிவிடலாம் என்று தைரியராஜ் எழுந்தார். ஏறுவதற்கு ஸ்டூல் வேண்டும். கப்பலோ நடுக்கடலில் இருந்தது. கரை சேரட்டும் என்று நின்றார்.