குன்னருக்கு வந்த ஹாட்டிஷ்

ஆர்லிஸ் கையிலிருந்த பையைச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒற்றை பூட்ஸ் விழுந்தது. முழங்கால் வரை வரும் சாம்பல் நிற பூட்ஸ். கால் எலும்பு முறிந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் மாட்டிவிடுவது.

"சனிக்கிழமை இதப் போட்டுக்கிட்டு வா."

சோல்வே தங்கையாகப் பிறந்து நாற்பத்து மூன்று வருடமாகிறது. அக்காவை எடுத்தெறிந்து பேசிப் பழக்கமில்லை. "என் கால் நல்லாத்தானே இருக்கு, அக்கா."

"அது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேணாம்."

மேசைக்கடியில் படுத்திருந்த குன்னர் என்கிற கறுப்பு நாய் பூட்ஸ் விழுந்த சத்தத்துக்கும் தலையைத் தூக்கவில்லை. படு என்று சொன்னால் படுக்க வேண்டும். எட்டு மாதப் பயிற்சி.

சோல்வேயின் நோய் இதுதான்: அவளால் நிற்க முடியாது. அதாவது நிற்பாள், நடப்பாள், சிரித்துப் பேசுவாள். திடீரென்று இதயம் தறிகெட்டு ஓடும், ரத்தம் தலைக்கு ஏறாது, கண் இருட்டி விழுவாள். உடனே படுத்துக் காலை உயர்த்திவிட்டால் விழாமல் தப்பலாம். மயக்கம் வரப்போவது குன்னருக்கு முன்பே தெரிந்துவிடும்; மூக்கால் அவள் முட்டியை இடிப்பான். அவன் வருவதற்கு முன்னால், வேலை பார்த்த நூலகத்தில் இரண்டு முறை விழுந்தாள். இரண்டாவது முறை புத்தக வண்டியில் மண்டை இடித்தது. வேலையும் அன்றோடு நின்றது.

நூலகத்தார் நல்லவர்கள்தான். நாயோடு திரும்பி வரலாம், ஆனால் கூட்டமும் சாப்பாடும் உள்ள இடத்தில் இரண்டு மணி நேரம் நாய் அடங்கி இருந்தது என்று பயிற்சியாளர் கடிதம் தர வேண்டும், திங்கட்கிழமைக்குள், என்றார்கள். அமெரிக்காவில், மினசோட்டாவின் ஒரு மூலையில் கிடக்கும் நூர்ஸ்டாடில், நவம்பர் மாதத்தில், கூட்டமும் சாப்பாடும் ஒன்றுசேர்வது ஒரே ஒரு நாள்தான். லூத்தரன் கிறிஸ்தவக் கோயிலின் நிலவறையில் சனிக்கிழமை நடக்கும் மீன் விருந்து. பயிற்சியாளர் வெண்டல் அதைப் பார்க்க ஐம்பது மைல் தள்ளியிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்.

விருந்துக் கமிட்டிக்கு ஆர்லிஸ்தான் தலைவி. கமிட்டி கூடிப் பேசியது. நோயாளிக்கு நாய் என்றால் ஆட்சேபம் இல்லை. ஆனால் நோய் கண்ணில் பட வேண்டும் என்பது அவர்கள் முடிவு. வாசலில் நின்று ஆட்களை உள்ளே விடும் மில்டன், கமிட்டியின் முன்னால் சோல்வே ஒரே ஒரு தடவை மயங்கி விழுந்து காட்டட்டும், அதோடு விஷயம் முடிந்தது என்றார். அதை இருவர் ஆமோதித்தார்கள். தரையில் மெத்தை போடலாம் என்று ஒருத்தி இரக்கத்தோடு சொன்னதும் குறிப்பேட்டில் ஏறியது.

"உனக்காக எவ்வளவு மல்லுக்கட்டினேன் தெரியுமா? கடைசில நாந்தான் இந்த பூட்ஸ யோசிச்சேன்," என்றாள் ஆர்லிஸ்.

"டாக்டர் சீட்டு இருக்கே, அக்கா."

"சீட்ட யாருடி படிப்பா? பூட்ஸுன்னா நீ தெருமுனையில வர்றப்பவே தெரியும்."

"எந்தக் கால்ல போடணும்?"

"அது உன் இஷ்டம்."

ஆர்லிஸ் சொன்னதில் அநியாயம் இருந்தது, பொய் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் பனியில் சறுக்கிக் கணுக்கால் முறிந்தபோது சோல்வே இதே மாதிரி பூட்ஸோடுதான் கிடந்தாள். அப்போது வீட்டுக்குப் பதினோரு ஹாட்டிஷ் வந்தது. உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் டின் சூப்பும் கலந்து அடுப்பில் வேகவைத்த அந்தத் தட்டுதான் நூர்ஸ்டாடின் அனுதாபம். வாயால் ஆறுதல் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. மயங்கி விழத் தொடங்கிய இந்த இரண்டு வருடத்தில் ஒரு தட்டுகூட வரவில்லை. "பாக்க நல்லாத்தான் இருக்கே," என்ற ஒரு வரிதான் போகிற இடமெல்லாம் வந்தது. அதோடு, நிறையத் தண்ணீர் குடி என்ற யோசனையும்.

வியாழக்கிழமை அவள் அந்த பூட்ஸைப் போட்டுப் பார்த்தாள். வேலை வேண்டும், வீம்பு பார்க்கிற நிலையில் அவள் இல்லை. கண்ணாடியில் பார்த்தபோது நிஜமாகவே நோயாளி மாதிரித் தெரிந்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நல்ல காலில் பொய்யைக் கட்டிக்கொண்டால்தான் உண்மையான நோயை நம்புவார்கள் என்றால், இவர்களோடு நாற்பது வருடம் கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்து பாடியதற்கு என்ன அர்த்தம்? கழற்றி மூலையில் எறிந்தாள்.

வெள்ளிக்கிழமை மளிகைக்கடை வாசலில், பனிக்கடியில் கிடந்த பாட்டில் சில்லைக் குன்னர் மிதித்துவிட்டான். கால்நடை டாக்டர் மூன்று தையல் போட்டு, முன்னங்காலில் பச்சைப் பசேலென்று ஒரு கட்டுப் போட்டு அனுப்பினார். சோல்வே வெண்டலுக்கு போன் செய்தாள்.

"நடக்கிறானா?"

"நடக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"அப்பக் கூட்டிட்டு வா."

சனிக்கிழமை மாலை கோயில் வாசலில் மில்டன் கையை நீட்டித் தடுக்க ஆயத்தமாக நின்றார். பூட்ஸ் இல்லாத அவள் கால்களைப் பார்த்தார், முகம் இறுகியது. பிறகு கண் கீழே இறங்கி குன்னரின் பச்சைக் கட்டில் நின்றது.

"அடப்பாவமே, என்ன ஆச்சு இவனுக்கு?"

"கண்ணாடி குத்திருச்சு, மில்டன் அண்ணே."

"அப்புறம் ஏன் வெளில நிக்க வெச்சிருக்கே? இந்தக் குளிர்ல. உள்ள கூட்டிட்டுப் போ, மொதல்ல கூட்டிட்டுப் போ."

கதவை அவரே அகலத் திறந்துபிடித்தார். டாக்டர் சீட்டு அவள் பைக்குள்ளேயே இருந்தது.

நிலவறையில் இருநூறு பேர். சலவைச் சோடா கரைத்த நீரில் ஊறிய மீனின் வாடை சுவரை முட்டியது. அந்த வாடையில் ஒழுக்கமாக இருப்பது மனிதனுக்கே கஷ்டம். குன்னர் மேசைக்கடியில் படுத்தான். யாரோ தவறவிட்ட கறி உருண்டை ஒன்று உருண்டு வந்து அவன் மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. அதைப் பார்த்தான், சோல்வேயைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான். மூன்று நாற்காலி தள்ளி வெண்டல் வெண்ணெய் ஊற்றிய மீனைச் சாப்பிட்டபடி கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லிப் பாதிரியார் நன்றி ஜெபத்தை ஆரம்பித்தார். மீனவர்களில் தொடங்கினார், மாவட்டத்துப் பால் பண்ணைகளுக்கு வந்தார், முடிக்கிற உத்தேசமே தெரியவில்லை. குன்னர் எழுந்து சோல்வேயின் முட்டியை இடித்தான். மறுபடியும் இடித்தான். அவள் யோசிக்கவில்லை. ஜெபத்தின் நடுவே தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் மடக்கு நாற்காலியின்மேல் தூக்கிப்போட்டாள். குன்னர் அவளோடு ஒட்டிப் படுத்துக்கொண்டான்.

இருநூறு பேரும் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்கள். பரிமாறுகிற பெண் ஒருத்தி மீன் தட்டோடு சோல்வேயைத் தாண்டிப் போனாள். திரும்பி வந்து ஒரு குஷனைக் கொடுத்தாள். தலைக்கு என்று நினைத்து சோல்வே கையை நீட்டினாள். அது குன்னரின் காலுக்கு.

"பாத்துப் போங்க, பாத்துப் போங்க. நாய் கால மிதிச்சிராதீங்க," என்று மில்டன் கூட்டத்தை விலக்கினார்.

பத்து நிமிடத்தில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். மில்டன் குனிந்து முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணுமே ஆகலையே, சோல்வே. பாக்க நல்லாத்தான் இருக்கே. நாய் இல்லாமலே சமாளிச்சிருப்பே போலிருக்கு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குன்னர் இடித்ததால் படுத்தாள், படுத்ததால் விழவில்லை, விழாததால் நாயே வேண்டாமாம். மண்டையை உடைத்துக்கொண்டிருந்தால் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். நாற்காலியைப் பிடித்து எழுந்தாள்.

இரண்டு மணி நேரம் முடிந்தது. கறி உருண்டை இருந்த இடத்திலேயே இருந்தது. வெண்டல் வாயைத் துடைத்துக்கொண்டு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "பாஸ். அந்த ஜெபத்துல நானே விழுந்திருப்பேன்," என்றார்.

திங்கட்கிழமை வேலை திரும்பக் கிடைத்தது. அன்று மாலையே ஹாட்டிஷ் வரத் தொடங்கியது. புதன்கிழமைக்குள் ஒன்பது. ஒவ்வொரு மூடியிலும் சீட்டு ஒட்டியிருந்தது: 'குன்னருக்கு, சீக்கிரம் குணமாக.' ஒன்பதாவது தட்டை ஆர்லிஸ் கொண்டுவந்தாள்.

"கமிட்டி நல்ல முடிவா எடுத்திருக்கு. காயம் ஆறுற வரைக்கும் அவன் கோயிலுக்கு வரலாமாம்."

"ஆறினப்புறம்?"

"ஆறினப்புறம் அவனுக்கு என்ன குறை? ஏன் வரணும்?"

சோல்வே அக்காவையே பார்த்தாள். கேலி ஏதும் இல்லை. மனதார மகிழ்ந்துதான் சொன்னாள். மூலையில் கிடந்த பூட்ஸைச் சோல்வே பையில் போட்டு அக்கா கையிலேயே கொடுத்தனுப்பினாள்.

அடுத்த வாரம் தையலைப் பிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சோல்வே ஒன்பது தட்டையும் கழுவி, சறுக்கு வண்டியில் அடுக்கி, கட்டு இல்லாத குன்னரோடு கோயிலுக்குப் போனாள். மில்டன் நாயின் காலைப் பார்த்தார்.

"ஆறிடுச்சா? அப்ப..." என்று கதவின்மேல் கை வைத்தார்.

"உங்க தட்டு, மில்டன் அண்ணே," என்று அவள் நீட்டினாள். கொடுத்த தட்டைத் திரும்ப வாங்காமல் இருக்க நூர்ஸ்டாடில் யாருக்கும் தெரியாது. இரண்டு கையாலும் வாங்கினார். அவள் மற்ற எட்டையும் அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, குன்னரோடு உள்ளே போய் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்த மில்டனிடம் கை மிச்சமில்லை. மேல் தட்டில் ஒட்டியிருந்த நன்றிச் சீட்டு அவர் மூக்குக்கு நேராக இருந்தது.

'ஹாட்டிஷுக்கு நன்றி. என் கால் ஆறிவிட்டது. சோல்வேக்கு இன்னும் ஆறவில்லை. ஆகையால் ஞாயிறுதோறும் வருவேன். இப்படிக்கு, குன்னர்.'