இரண்டு சுருளியாண்டிகளும் ஒரு நற்சான்றும்

1

இந்தக் கதை ஒரே வாரத்தில் இரண்டு துண்டுகளாக என் கைக்கு வந்தது. முதல் துண்டு எங்கள் தெருவில் கிடைத்தது. ஒரு பையனைப் பற்றி விசாரிக்கப் பெண் வீட்டார் இரண்டு பேர் வந்தார்கள். டீக்கடையில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார்கள், திராட்சை விலையைப் பற்றிப் பேசினார்கள், கடைசியில் ஏதோ ஞாபகம் வந்தது போல அவன் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று அவர்களும் சொல்லவில்லை, கடையில் இருந்தவர்களும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. எல்லோரும் சேர்ந்து அவனைப் புகழ்ந்து தள்ளினார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது துண்டு செய்தித்தாளில் இருந்தது. ஒரு குழந்தையை அடித்துக் கொன்றவனுக்குத் தூக்குத் தண்டனை.

சிரிக்கலாம் என்கிற கதையும் சிரிக்கக் கூடாத கதையும் ஒரே பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? நான் இரண்டுக்கும் டீ சொன்னேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'அந்த வீட்டிலிருந்து அன்றைக்கும் அழுகைச் சத்தம்…'

வேண்டாம். அந்த வீட்டுக்குள் நான் போகப் போவதில்லை. உங்களையும் கூட்டிப் போக மாட்டேன்.

இரண்டாவது: 'நீதி என்பது யாதெனில், மனித குலம் தோன்றிய…'

அடச்சே. கல்லூரி ஆண்டு மலருக்கு யாராவது கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.

மூன்றாவது: 'சுருளியாண்டிக்கு முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. காரணம், சுருளியாண்டி.'

இது நடக்கத் தெரிந்த வாக்கியமாகத் தெரிகிறது. இதன் பின்னாலேயே போவோம்.

3

அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் மாட்டுகிறவன் சுருளியாண்டி. ஊருக்குப் 'பைப்பு சுருளி'. கம்பம் பள்ளத்தாக்கில் நின்றுகொண்டு 'சுருளி' என்று சத்தம் கொடுத்தால் தெருவுக்கு இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்து மலையில் விழுகிற அருவிக்கே அந்தப் பெயர்தான். அதனால் ஒரே ஊரில், ஒரே வயதில் இன்னொரு சுருளியாண்டி இருந்ததில் ஆச்சரியம் எதுவுமில்லை. அவன் வீரணன் மகன். குழப்பம் வராமலிருக்க அவனை நான் 'மற்றவன்' என்றே சொல்கிறேன்.

மற்றவன் பதினைந்து வயதில் ஊரை விட்டுப் போய்விட்டான். வீரணனும் செத்து, வீடும் கைமாறி, ஊர் அவனை மறந்தே போனது. போன இடத்தில் அவன் ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்தினான். அவளுக்கு முதல் கல்யாணத்தில் பிறந்த மகள் திரிஷா. நான்கு வயது. அந்தக் குழந்தையைத்தான் அவன் அடித்துக் கொன்றான். கீழ்க்கோர்ட்டு 'அரிதிலும் அரிதான வழக்கு' என்று சொல்லித் தூக்கு விதித்தது. செய்தித்தாள்கள் 'தேனி மாவட்டம் அனுமந்தன்பட்டியைச் சேர்ந்த சுருளியாண்டி (36)' என்று போட்டன.

[அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது. திரிஷாவை அடிக்குறிப்பாக்க மனம் வரவில்லை. இந்தக் கதைக்குள் அவள் இப்படி இருக்கிறாள்: அவித்த முட்டை கொடுத்தால் வெள்ளையைத் தின்றுவிட்டு, மஞ்சளை உள்ளங்கையில் வைத்துத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு வருவாள். யாராவது கேட்டால் கொடுத்தும் விடுவாள். இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கதை இனிமேல் கொஞ்சம் சிரிக்கும். அந்த ஆத்திரம் போய்விட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.]

அந்தச் செய்திக்குப் பிறகு நம் சுருளிக்கு வந்த வரன் எதுவும் இரண்டாம் நாளைத் தாண்டவில்லை. இப்போதெல்லாம் பெண் வீட்டார் ஜாதகம் பார்ப்பதற்கு முன்பே செல்போனில் பெயரையும் ஊரையும் போட்டுப் பார்க்கிறார்கள். போட்டால் மற்றவன்தான் வருவான், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு. முகம் தெரிந்தாலாவது 'நானில்லை' என்று காட்டலாம். துண்டுக்குள் யார் வேண்டுமானாலும் இருக்கலாமே.

"அவனச் சட்டுப்புட்டுன்னு தொங்க விட்டுட்டாகன்னா எம் பேரு வெளுத்துரும்," என்று சுருளி சொல்லாத நாளில்லை. கொலைகாரன் சாக வேண்டும் என்று ஊரே சொன்னது. கல்யாணத்துக்காகச் சொன்னவன் இவன் ஒருவன்தான்.

4

கடைசியில் தேவதானப்பட்டியிலிருந்து ஒரு வரன் நிலைத்தது. பெண் உமாதேவி, ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். செல்போனில் மற்றவனைப் பார்த்துவிட்டு, தானே சுருளிக்குப் போன் போட்டு, "அது நீங்களா?" என்று நேராகக் கேட்டவள். அவள் அப்பாவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. ஆள் அனுப்பி விசாரித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்கிறோம் என்றார்.

டீக்கடை ஈஸ்வரபாண்டி கடைக்கு வந்தவர்களையெல்லாம் தயார்ப்படுத்தி வைத்தார். "விசாரிக்க வருவாக. எவனும் வேண்டாததப் பேசிறக் கூடாது."

அந்த நேரம் பார்த்து நதியா என்றொரு பெண் வந்து இறங்கினாள்.

(நதியாவை முதலில் தாடி வைத்த ஆணாகத்தான் எழுதினேன். தாடியைப் பார்த்ததும், கடைக்கு டீ குடிக்க வருகிற மூக்கம்மாள் வாயே திறக்கவில்லை. எடுத்துவிட்டேன்.)

தூக்கை உறுதி செய்வதற்கு முன்னால், குற்றவாளி பிறந்து வளர்ந்தது எப்படி என்று விசாரித்து அறிக்கை தரும்படி ஹைகோர்ட்டு கேட்டிருந்தது. அந்த வேலையாக வந்தவள் அவள். போகிற இடத்தில் எடுத்ததும் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அவள் பழக்கம். கூட வந்த டிரைவர் வயதானவர், நெற்றியில் திருநீறு. பார்த்தால் கல்யாணப் பெண்ணுக்குச் சித்தப்பா மாதிரியே இருந்தார்.

நதியா டீ வாங்கிக்கொண்டு மழையைப் பற்றிக் கேட்டாள். பெண் வீட்டு ஆட்கள்தான் என்று கடைக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"இந்த ஊர்ல சுருளியாண்டின்னு ஒருத்தர். முப்பத்தாறு வயசு. அவரைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

"தெரியுமாவா? நம்ம பயதாம்மா," என்றார் ஈஸ்வரபாண்டி. "தங்கமான பய. பீடி, சிகரெட்டுக் கெடையாது. டீயில கூடச் சீனி கம்மி."

"சின்ன வயசுல எப்படி?"

"அப்பயே அப்படித்தேன்." திராட்சைக் கொடி வெட்டப் போகிற மூக்கம்மாள் கிளாஸை வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "கோவம்னா என்னன்னு தெரியாது ஆத்தா அவனுக்கு. கோழி அறுக்கையில மூஞ்சியத் திருப்பிக்குவான். புள்ளைகன்னா உசிரு. எங்க தெருப் புள்ளைக பூராம் அவன் தோள்லதான் கெடக்குதுக."

நதியாவின் பேனா நின்றுவிட்டது. "குழந்தைங்களா?"

"ஒரு புள்ள அழுகப் பொறுக்க மாட்டான்."

போகிற ஊரிலெல்லாம் அவளைப் பார்த்ததும் கதவைச் சாத்துவார்கள். இங்கே ஊரே திரண்டு நல்லது சொல்கிறது. அவள் கண் கலங்கிவிட்டது. பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது என்று ஈஸ்வரபாண்டி டிரைவருக்கு இன்னொரு டீ போட்டார்.

"இவ்வளவு நல்லவரு ஊரை விட்டு ஏன் போனாரு?"

"ஊர விட்டா? பைப்பு வாங்கக் கம்பம் போவான், பொழுது சாய வந்துருவான். இந்தா, அங்கன வர்றாம் பாருங்க."

யாரோ போன் செய்ததில் சுருளி வேலையைப் போட்டுவிட்டு, வீட்டுக்கு ஓடி, வெள்ளைச் சட்டை மாட்டி, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்திருந்தான்.

"வணக்கம்மா. நாந்தேன் சுருளியாண்டி."

நதியா டீ கிளாஸோடு எழுந்துவிட்டாள். அவள் விசாரிக்க வந்த ஆளை முந்தின நாள்தான் ஜெயிலில் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

5

விஷயம் விளங்கியதும் முதலில் குதித்தவள் மூக்கம்மாள். "அடிச்சிரு ஆத்தா! நாஞ் சொன்னது பூராத்தையும் அடிச்சிரு! தூக்குல போடணும்னு எழுது. கொட்ட எழுத்துல எழுது!"

"அவன் எங்க ஊரே இல்லம்மா," என்றார் ஈஸ்வரபாண்டி.

"இங்கதானே பிறந்தாரு?"

"பொறந்தா? எவனும் எங்கிட்டாச்சும் பொறக்கத்தான செய்வான்?"

டிரைவர் குடித்த டீக்கு உரிமை உண்டா என்று யோசித்தபடி கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நதியா நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள். அவள் குரலில் கோபமில்லை.

"தீர்ப்பு சொல்ல நான் வரல. ஒருத்தர் உயிரை எடுக்கறதுக்கு முன்னாடி அவர் யாருன்னு கோர்ட்டு கேக்குது. நல்லதோ கெட்டதோ, தெரிஞ்சதைச் சொன்னாப் போதும். அவரோட பழகினவங்க யாராவது இருக்கீங்களா?"

எல்லோரும் சுருளியைப் பார்த்தார்கள். ஒரே பெயர் என்பதால் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டவர்கள் அவர்கள்.

6

இங்கே வந்து எனக்குப் பேனா ஓடவில்லை. சுருளி என்ன சொல்ல வேண்டும்?

'மற்றவன் ஒருநாள் கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியைக் குதித்துக் காப்பாற்றினான்' என்று எழுதிப் பார்த்தேன். கன்றுக்குட்டி அழகாக வந்தது, தலையில் வெள்ளைச் சுட்டியோடு. உங்களில் பாதிப் பேர் தூக்குக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டீர்கள்.

அதை அடித்துவிட்டு, 'தும்பியைப் பிடித்து இறக்கையைப் பிய்ப்பான், அப்போதே அவன் கண்ணில்…' என்று எழுதினேன். போட்ட கயிற்றை நீங்களே குனிந்து எடுத்துக்கொண்டீர்கள்.

இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து முறுக்குத் தின்றுகொண்டே என்னால் எழுத முடிந்தது. எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. ஒரு மனிதனின் கழுத்து இத்தனை சுளுவாக யார் கைக்கும் வரக் கூடாது. கன்றுக்குட்டியை அவிழ்த்து விட்டேன், தும்பியையும் பறக்க விட்டேன். சுருளிக்கு என்ன ஞாபகம் வருகிறதோ வரட்டும் என்று காத்திருந்தேன்.

அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தால் அவன் பெயர் கோர்ட்டுக் காகிதத்தில், மற்றவன் பெயருக்குப் பக்கத்திலேயே ஏறும். உமாதேவியின் அப்பா காதுக்குப் போகும். ஒன்றும் தெரியாது என்று சொன்னால் போதும், யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

7

அவன் கடைக்குப் பின்னால் போய் உமாதேவிக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொன்னான்.

"நீங்க சொல்லப் போறது நெசமா?" என்று அவள் கேட்டாள்.

"நெசந்தான்."

"அவனக் காப்பாத்தவா சொல்றீக?"

"ச்சீ. அவன நெனச்சாலே எனக்குக் கொமட்டுது."

"அப்பறம் எதுக்குச் சொல்லணும்?"

"கேட்டாகல்ல," என்றான். "இத்தன வருசத்துல இன்னிக்கித்தான் ஒருத்தர் வந்து கேக்குறாக."

பிறகு உமாதேவி சொன்னாள்: "எங்கப்பா கேசரிக்கு ரவை வாங்கி வச்சுட்டாக. நீங்க ஞாயித்துக்கெழம வந்து சேருங்க. அவுகள நான் பாத்துக்கிறேன்."

சுருளி திரும்பி வந்து நதியாவுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அவன் இடக்கைக்காரன்னுதான் நான் ரொம்ப நாளா நெனச்சிருந்தேன். எழுதுறது இடக்கை, சத்துணவுக்குத் தட்டு நீட்டுறது இடக்கை. வாத்தியாரே 'இடக்கைப் பய'ன்னுதான் கூப்புடுவாரு. அஞ்சாப்புப் படிக்கையில, அவுக அப்பன் வீரணன் ஏலக்காத் தோட்டத்து வேலைக்குன்னு மேல மலைக்குப் போனாரு, கொஞ்ச மாசம் வரல. ஒரு நா பாக்குறேன், இவன் வலக்கையில எழுதுறான். எழுத்து அம்புட்டு அழகா இருக்கு. 'ஏலே, எப்படா கைய மாத்துன?'ன்னு கேட்டேன். 'இதுதாண்டா என் கை'ன்னான்."

நதியா எழுதவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் அவுக அப்பன் வந்துட்டாரு. மறுபடியும் இடக்கை. வலக்கை வீங்கிக் கெடந்துச்சு."

மூக்கம்மாள் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவள் வீடு வீரணன் வீட்டுக்கு அடுத்த வீடு.

"இன்னொண்ணும் எழுதிக்கங்க," என்றான் சுருளி. "அவனத் தூக்குல போடணும்னுதான் நான் இப்பவும் சொல்லுவேன். அவன் கொன்ன அந்தப் புள்ளைக்கும் கை இருந்துச்சுல்ல."

நதியா இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

8

கல்யாணம் நடந்தது. அந்த அதிகாரம் எனக்கு இருக்கிறது, கூச்சப்படாமல் பயன்படுத்திக்கொள்கிறேன். உமாதேவியின் அப்பா இரண்டு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தார், பிறகு கல்யாணப் பத்திரிகையில் 'பைப்பு சுருளி என்கிற சுருளியாண்டி' என்று போட்டால் சம்மதம் என்றார். போட்டார்கள். சாப்பாட்டில் ரசம் மட்டும் கொஞ்சம் உறைப்பு.

தீர்ப்பு விஷயத்தில்தான் என் அதிகாரம் செல்லவில்லை. 'தூக்கு உறுதி செய்யப்படுகிறது' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. 'சாகும்வரை சிறை' என்று மாற்றினேன். திரிஷாவின் அம்மா கோர்ட்டு வாசலில் என்னையே பார்த்துக்கொண்டு… அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. 'நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்' என்று ஆரம்பித்தேன். அவர் இன்னமும் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே தீர்ப்பை நீங்கள் எழுதுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். எதை எழுதினாலும் நான் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். ஒரே நிபந்தனை, எழுதியதை நீங்களே நேரில் போய் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். முதலில் திரிஷாவின் அம்மாவிடம். அவள் முகத்தைப் பார்த்துப் படியுங்கள். பிறகு பஸ் பிடித்து அனுமந்தன்பட்டிக்கு வந்து, ஐந்தாம் வகுப்பில் வலக்கையால் எழுதிக்கொண்டிருக்கும் அந்தப் பையனிடம். அவளிடம் படித்த அதே வார்த்தைகள். ஒன்றையும் விட்டுவிடாமல் நிதானமாகப் படியுங்கள். அவனுக்குப் பத்து வயது. அவன் இன்னும் யாரையும் அடித்ததில்லை.